தை மாதப் பறவை நடை: டீச்சரிடம் கேளுங்கள்

வரும் ஞாயிறு பினாங்கில், பாலேக் பூலாவ் கம்பத்தில் (கிராமத்தில்) தொடங்கி, சுங்கை பூரோங் வயல், தெலுக் பஹாங் காடு, அணைக்கட்டு என்று நடக்கப் போகிறோம். கேட்ட கேள்விகளுக்குப் பதில் கீழே. சிலருக்கு ஒரு வரிதான் கிடைக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டீச்சர், நம் நாட்டில் குளிரே இல்லை. பிறகு எதற்குக் குளிர்கால நடை? (ஜெலுத்தோங்)

குளிர் நமக்கு இல்லை, விருந்தாளிகளுக்கு. சைபீரியாவிலும் வடசீனாவிலும் பனி விழுந்து பூச்சி அற்றுப்போகும் முன்பே கிளம்பி, செப்டம்பர், அக்டோபரில் இங்கே வந்துவிடுகின்றன. மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. பட்டைவால் மூக்கன் என்ற சேற்றுப் பறவையின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் பறந்தது. 11 நாள், எங்கும் இறங்கவில்லை. அதே இனத்தைச் செபராங் பிறையில், தெலுக் ஆயர் தாவார் கரைச் சேற்றில் பார்க்கலாம்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்? (ஆயர் ஈத்தாம்)

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது. பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும்.

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை பக்கத்தில் வருமாமே? (பட்டர்வொர்த்)

வரும். அதனால்தான் கூடாது. பழுப்புக் கீச்சான் என்ற விருந்தாளி இங்கே வந்ததும் ஒரு வேலியோ புதரோ பிடித்து, அதைத் தன் சொத்தாகக் காக்கும். நீங்கள் குரலை ஒலிக்கவிட்டால், எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்குப் பறந்து வரும். ஊர் திரும்பத் தேவையான கொழுப்பை அது இங்கேதான் சேர்க்க வேண்டும்.

ஊரில் வயல் வரப்பில் நிற்கும் கொக்கை மடையான் என்போம். இங்கே நிற்பதும் அதுவா? (பாயான் லெப்பாஸ், தஞ்சாவூர்க்காரர்)

இப்படிக் கேளுங்கள்! உறவினர்தான், அதே பறவை அல்ல. உங்கள் ஊரில் இந்திய மடையான். இங்கே குளிர்காலத்தில் பெரும்பாலும் சீன மடையான், இடையிடையே ஜாவா மடையான். இப்போது மூன்றுக்கும் ஒரே வேடம்: உடம்பெல்லாம் பழுப்புக் கோடு, பறந்தால் மட்டும் வெள்ளைச் சிறகு. இந்த வேடத்தில் பிரித்துச் சொல்வது எனக்கும் முடியாது. ஜனவரியில் ஒரு படத்தைக் காட்டி இன்ன மடையான் என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

மார்ச் கடைசியில் மறுபடி அதே வரப்புக்குப் போங்கள். சீனத்துக்காரருக்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகும். ஜாவாக்காரருக்குத் தலை பொன்மஞ்சளாகும், முதுகு கறுக்கும். இந்தியருக்குத் தலை மங்கிய மஞ்சள், முதுகுதான் கருஞ்சிவப்பு. போன ஆண்டு வரை நானும் வயலில் ‘சீனம்’ என்றே குறிப்பேட்டில் எழுதி வந்தேன். இப்போது ‘மடையான், இனம் தெரியவில்லை’ என்று எழுதுகிறேன்.

குரலை மெதுவாக வைத்தால் பரவாயில்லையா? (புக்கிட் மெர்தாஜாம்)

மேலே பட்டர்வொர்த்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மின்கம்பியில் வரிசையாக உட்காரும் குருவியின் கூட்டைக் கொண்டுதானே சூப் வைக்கிறார்கள்? (ஜோர்ஜ்டவுன்)

இல்லை. கம்பியில் உட்காருவது தகைவிலான், வடக்கிலிருந்து வரும் விருந்தாளி. சூப்புக்குப் போகும் கூட்டை எச்சிலால் கட்டுவது உழவாரன். அதற்குக் கம்பியில் உட்காரும் கால் கிடையாது, சுவரைப் பற்றித் தொங்கத்தான் தெரியும். கம்பியில் இருந்தால் சூப்பை மறந்துவிடுங்கள்.

குயிலை நம் மக்கள்தான் கப்பலில் கூண்டோடு கொண்டு வந்தார்கள் என்று தாத்தா சொல்வார். (பிறை)

தவறு. குயில் குளிருக்கு வந்து போகும் பறவை. (டத்தோ கெராமாட்)

அப்படியானால் ஆண்டு முழுதும் என் வீட்டு மாமரத்தில் கூவுவது யார்? (பிறை)

இருவரும் நேற்றிரவு எழுதிய நாற்பது வரியையும் படித்தேன். கப்பலில் வந்தது குயில் அல்ல, காக்கை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோட்டப் பயிரை அழித்த புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்தார்கள். அது குப்பையைத் தின்று பெருகியது. குயில் அப்போது வடக்கிலிருந்து வந்து திரும்பும் விருந்தாளிதான். முட்டையிடக் காக்கைக் கூடு தாராளமாகக் கிடைத்ததும் ஒரு கூட்டம் இங்கேயே தங்கிவிட்டது. ஆகவே இன்று வருகிறவையும் உண்டு, குடியிருப்பவையும் உண்டு. மாமரத்தில் இருப்பது குடியிருப்பவர், ‘கூ... ஊ’ என்று கூவுவது ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பறவையைக் கண்டால் வேறு இனம் என்று நினைக்காதீர்கள், அது அவர் மனைவி.

தாத்தா பொய் சொல்வாரா டீச்சர்? (பிறை)

கூண்டில் வந்தது கிளியாக இருக்கலாம்.

சாப்பிட லக்சா நூடுல்ஸ் எந்தக் கடையில்? (குளுகோர்)

நடை முடிந்ததும் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

பறவைக் குரல் ஒலிக்கும் செயலி எது நல்லது டீச்சர்? (பாயான் பாரு)

ஞாயிறு காலை 7 மணி. கைப்பேசிகள் என் பையில் இருக்கும்.