சமையலறைப் புல்-அவுட் அலமாரி சரிந்து காயம்: பொறுப்பு ஷோரூமுக்கா, சேனல் நிறுவனத்துக்கா?

கேள்வி: கோவையில் எங்கள் சொந்தக் குடியிருப்பில் மாடுலர் கிச்சன் அமைக்க ஒரு ஷோரூமுடன் 3,40,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்து, இதுவரை 3,15,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். 2024 ஆகஸ்டில் வேலை முடிந்தது. மளிகைச் சாமான் வைக்கும் ஏழடி உயர புல்-அவுட் அலமாரி அந்த டிசம்பரிலேயே ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியது. புகார் செய்தபோதெல்லாம் ஆள் வந்து திருகுகளை முறுக்கிவிட்டுப் போனார். 2025 நவம்பரில் அது சேனலோடு (அலமாரி வெளியே வந்துபோக உதவும் உலோகத் தண்டவாளம்) பெயர்ந்து என் மாமியாரின் காலில் விழுந்ததில் பாத எலும்பு முறிந்துவிட்டது. ஷோரூம், சேனல் தயாரித்த நிறுவனத்திடம் கேட்கச் சொல்கிறது. அந்த நிறுவனமோ, பொருத்தியதில்தான் தவறு, பளுவும் அதிகம் என்கிறது. பொருத்த வந்த ஆசாரியிடம் கூடுதலாக இரண்டு கூடைகள் மாட்டுவதற்கு 2,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். அதற்குப் பில் இல்லை. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குத்தான் (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டும், வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில்தான் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்கிறது. பாக்கி 25,000 ரூபாயையும் கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: அலமாரி, சேனல், பொருத்தும் கூலி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே விலை பேசி, ஒரே பில்லில் உங்களிடம் பணம் வாங்கியது ஷோரூம்தான். ஆகவே, சேனலை வேறொருவர் செய்தார் என்பதோ, ஆசாரி தினக்கூலிக்கு வந்தவர் என்பதோ அவர்களுக்குள் இருக்கும் கணக்கு. அது உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாட்டுக்கு முதல் பொறுப்பு ஷோரூமுடையது. இருந்தாலும், சேனல் நிறுவனத்தை இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். வழக்கில் இல்லாத ஒருவர் மீது பழி போடுவது எளிது. இருவரும் ஒரே நுகர்வோர் ஆணையத்தின் முன் நின்றால், தவறு பொருளிலா, பொருத்தியதிலா என்பதை அவர்களே ஒருவருக்கு எதிராக ஒருவர் நிரூபிக்க வேண்டியிருக்கும். சேனல் நிறுவனம் இப்போதே எழுதித் தந்திருக்கும் "பொருத்தியதில் தவறு" என்ற பதில் உங்களுக்கு நல்ல ஆவணம். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் வலியுறுத்துகிறேன். வழக்குக்கு முன் நீங்கள் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும், பெரும்பாலும் ஷோரூமிலிருந்து மிகப் பணிவாக ஒருவர் வந்து, இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லி உடைந்த பகுதியைக் கழற்றி எடுத்துச் செல்வார். அதை அனுமதிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் திருகு பிடுங்கிய துளைகளைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்திருக்கிறது; அடுக்கடுக்கான பிளை எதுவும் தெரியவில்லை. கொட்டேஷனிலோ ஐஎஸ் 710 தரத்து மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) என்று எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகள்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதில் குட்டைத் திருகு போட்டு, அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விட்டால், வெளியே இழுக்கும் ஒவ்வொரு முறையும் திருகின் பிடி தளரும். ஆனால் நான் படத்தைப் பார்த்துச் சொல்வது சாட்சியமாகாது. பிரிவு 38(2)(c)இன்படி மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்திடம் கோரலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, அலமாரி இருக்கும் நிலையை நேரில் பதிவு செய்யவும் மனுப் போடலாம். அதுவரை உடைந்த பலகை, வளைந்த சேனல், உதிர்ந்த திருகுகள் எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பலகை பார்ட்டிகிள் போர்டு என்று உறுதியானால், இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்ற நேர்மையற்ற வணிக நடைமுறையும், பிரிவு 2(47)இன் கீழ், உங்கள் வழக்கில் சேரும்.

பளு அதிகம் என்ற வாதத்துக்கு எண்களால்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வகைச் சேனலுக்கு 80 கிலோ வரம்பு என்று தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விழுந்த அன்று உள்ளே இருந்த அரிசி டின், பருப்பு டப்பாக்கள், எண்ணெய் கேன் அனைத்தையும் எடைபோட்டு, படத்தோடு பட்டியலாக்கி, உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் சேர்த்துவிடுங்கள். கூடைகளின் எடையையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். கூட்டுத்தொகை 80ஐத் தாண்டினாலும் வழக்கு தோற்றுவிடாது. பளு வரம்பு குறித்த கையேட்டையோ எச்சரிக்கையையோ உங்களிடம் யாரும் தரவில்லை என்றால், போதிய அறிவுறுத்தல் தராத தயாரிப்பாளரும் சேவை வழங்கியவரும் பிரிவுகள் 84, 85இன் கீழ் பொறுப்பாகிறார்கள். தொங்கிய அலமாரியைப் பலமுறை வந்து பார்த்த ஆளும் பளுவைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை வாக்குமூலத்தில் தனியாக எழுதுங்கள்.

உங்கள் வழக்கின் மெலிந்த இடம் அந்த 2,000 ரூபாய்தான். ஷோரூமின் ஆள், ஷோரூம் வேலை நடக்கும்போதே, அதே அலமாரியில் செய்த வேலை என்பதால் அவர்கள் முழுவதும் கைகழுவிவிட முடியாது என்று வாதிடலாம். ஆனாலும் அது தனிப்பட்ட ஏற்பாடு என்று அவர்கள் சொல்வார்கள். இழப்பீடு ஓரளவு குறையவும் கூடும். இதை மறைக்காமல் புகார் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், மீதி உண்மைகளின் மீதும் சந்தேகம் விழும்.

உங்கள் மாமியாரை இரண்டாம் புகார்தாரராகச் சேர்ப்பது அவசியம். பணம் கொடுத்தவர் நீங்கள் என்றாலும், உங்கள் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டத்தின்படி நுகர்வோரே. எலும்பு முறிவு அவருக்கு நேர்ந்தது. மருத்துவமனைப் பில்கள், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும்.

பெங்களூரு என்று அச்சிட்டிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர பிரிவு 34(2)(d) வழி செய்கிறது. கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யுங்கள். நடுவர் தீர்ப்பு ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதை எமார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எந்த நிலை ஆணையம் விசாரிக்கலாம் என்பதும் தாக்கல் கட்டணமும் நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தவை அல்ல, கொடுத்த விலையைப் பொறுத்தவை. அது 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமே இல்லை. இணையவழித் தாக்கலுக்கு ஈ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பினர் 30 நாட்களில், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்களில், பதிலுரை தர வேண்டும். அதற்கு மேல் அவகாசமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

காலவரம்பு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமிருந்தாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் புகார் கொடுத்த 2024 டிசம்பரிலிருந்தே எண்ணி, 2026 டிசம்பருக்குள் தாக்கல் செய்துவிடுவேன். நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பது காலவரம்பை நீட்டிக்காது. அந்தப் புகார்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினீர்கள் என்பதால், அச்சுப் பிரதிகளோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி மின்னணு ஆவணங்களுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

பாக்கி 25,000 ரூபாயைத் தர மறுப்பதாக எழுதாதீர்கள். குறைபாடு தீரும்வரை நிறுத்தி வைத்திருப்பதாகவும், ஆணையம் வழங்கும் தொகையில் அதைக் கழித்துக்கொள்ளச் சம்மதம் என்றும் நோட்டீஸிலேயே சொல்லுங்கள். அப்போது பணம் தர மனமில்லாமல் புகார் சொல்கிறார் என்ற வாதம் எடுபடாது.

இடையில் ஷோரூம் சமரசத்துக்கு வரலாம். பிரிவு 37இன்படி ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பவும் செய்யலாம். புது அலமாரி தருவதாக இருந்தால், பலகையின் தரம், சுவரோடு பிணைக்கும் முறை, பளு வரம்பு, புதிய வாரண்டியின் காலம் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். அவர்கள் நீட்டும் தாளில் "முழு திருப்தியுடன் அனைத்துக் கோரிக்கைகளும் முடிந்தன" என்ற வரி இருந்தால், மாமியாரின் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் அந்தத் தாளிலேயே தொகையாகக் குறிக்கப்படும்வரை இருவரும் கையெழுத்திட வேண்டாம்.