கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு 10-கே படிக்கட்டும்

ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு வணக்கம்.

மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு. சி.ஏ. வேண்டாம், கம்பெனிகளை ஆராய்ந்து அவற்றின் பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று சொல்லும் ஈக்விட்டி ரிசர்ச் பக்கம்தான் போவேன் என்று நிற்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அமெரிக்க கம்பெனிகளின் அறிக்கைகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ தேடிக்கொண்டே இருக்கிறார். இது படிப்பா, பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆறு மாத ஆன்லைன் கோர்ஸுக்கு 90,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா என்றும்.

பண விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இப்போதைக்குக் கட்டாதீர்கள். கோர்ஸைக் குறை சொல்லவில்லை. அந்தத் துறையின் அடிப்படை வேலை எதுவோ, அதைத்தான் உங்கள் மகள் ராத்திரியில் காசு செலவில்லாமல் செய்துகொண்டிருக்கிறார். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இரண்டு மூன்று மாதம் செய்யட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் கோர்ஸைப் பற்றிப் பேசலாம்.

அவர் பார்ப்பது அநேகமாக எட்கர் தளம்; அமெரிக்க எஸ்.இ.சி. நடத்துவது. பங்குச் சந்தையைக் கண்காணிக்க நமக்கு செபி இருப்பது போல அமெரிக்காவில் எஸ்.இ.சி. அங்கே பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி ஒவ்வொன்றும் தன் நிலவரத்தை அவர்களிடம் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை 10-கே, காலாண்டுக்கு 10-க்யூ, நடுவில் முக்கியமாக ஏதாவது நடந்தால் பொதுவாக நான்கு வேலை நாளுக்குள் 8-கே. இன்ஃபோசிஸ், விப்ரோ மாதிரி அங்கேயும் பட்டியலிட்டிருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தருவது 20-எஃப். எல்லாமே எட்கரில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி கிடக்கிறது. 2001 முதல் தாக்கலானவற்றின் உள்ளே இருக்கும் சொற்களை, இணைப்பு ஆவணங்கள் உட்பட, தேடும் வசதியும் உண்டு. கம்பெனி பெயர், தேதி, படிவ வகை என்று வடிகட்டிக்கொள்ளலாம். மேற்கோள் குறிக்குள் ஒரு தொடரைப் போட்டால் அந்தத் தொடர் அப்படியே வரும் இடங்கள் மட்டும் கிடைக்கும்.

தேடுவது சுலபம்தான். எதைத் தேடுவது என்று தெரிவதில்தான் ஆள் தரம் பிரிகிறது. ஆள்குறைப்பு பற்றி ஆராய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் நேராக ‘லேஆஃப்’ என்று தட்டுவார்கள். பத்திரிகையில் வரும் சொல் அது. வக்கீல் பார்த்துத் திருத்திய அறிக்கையில் ‘ரிடக்‌ஷன் இன் ஃபோர்ஸ்’, ‘ரீஸ்ட்ரக்சரிங்’ என்று இருக்கும். இந்தச் சொற்கள் தெரியாமல் தேடினால் பாதிக் கம்பெனிகள் கண்ணிலேயே படாது. அவை தெரிய ஒரே வழி, ஐந்தாறு அறிக்கைகளையாவது முதலிலிருந்து கடைசி வரை படித்திருப்பது.

தேடியது கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் கிடையாது. ‘மெட்டீரியல் வீக்னஸ்’ என்று ஒரு தொடர் உண்டு. கணக்கு எழுதும் முறையிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது என்று கம்பெனி தானாக ஒப்புக்கொள்வது. அதைத் தேடினால் வந்து கொட்டும். ஆனால் பல கம்பெனிகள் அந்தத் தொடரை, ‘எதிர்காலத்தில் எங்களிடம் இப்படி ஒன்று கண்டுபிடிக்கப்படலாம்’ என்று ரிஸ்க் பகுதியில் முன்ஜாக்கிரதையாக எழுதி வைத்திருக்கும். இன்னும் சில, ‘போன வருஷம் இருந்தது, சரிசெய்துவிட்டோம்’ என்று சொல்லும். உண்மையாகவே இந்த வருஷம் ஓட்டை இருப்பவற்றைப் பிரிக்க 10-கேயில் 9ஏ என்ற பகுதிக்குப் போய், கட்டுப்பாடுகள் பயனுள்ளவை இல்லை என்று நிர்வாகம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மகளிடம் கேட்டுப் பாருங்கள்: எத்தனை முடிவு வந்தது என்று சொல்கிறாரா, எத்தனையைத் திறந்து படித்தேன் என்று சொல்கிறாரா? இரண்டாவது பதில் வந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

சொற்களை எண்ணி மட்டும் ஆராய்ச்சி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான ஆய்வே உண்டு. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் லௌரன், மெக்டொனால்ட் இருவரும் 2011-இல் வெளியிட்டது. பொதுவான அகராதிப் பட்டியலில் எதிர்மறை என்று குறிக்கப்பட்ட சொற்களை 10-கே அறிக்கைகளில் எண்ணிப் பார்த்தால், அந்த எண்ணிக்கையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிதி உலகில் எதிர்மறையே இல்லை என்று காட்டினார்கள். வரி, செலவு, லயபிலிட்டி (கொடுக்க வேண்டிய கடன் பொறுப்பு) போன்றவை அந்தப் பட்டியலில் கெட்ட சொற்கள்; கணக்குப் புத்தகத்தில் அவை தினசரிப் புழக்கம். பி.காம். படித்த பெண்ணுக்கு இது சொல்லாமலே புரியும். கம்ப்யூட்டர் மட்டும் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவர்களைவிட உங்கள் மகளுக்கு இருக்கும் அனுகூலம் இதுதான்.

அறிக்கையின் மூலைமுடுக்கில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் 2000-ஆம் ஆண்டுக்கான 10-கேயில், ‘சார்புடைய தரப்பினருடன் பரிவர்த்தனை’ என்ற அடிக்குறிப்பில், கம்பெனியின் ஒரு மூத்த அதிகாரியே நடத்தும் கூட்டு நிறுவனங்களோடு வியாபாரம் செய்திருப்பதாக எழுதியிருந்தார்கள். யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நடை. 2001 டிசம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

நம்ம ஊர் தொடர்புள்ள ஒன்றே வேண்டுமா? சென்னையில் 1994-இல் தொடங்கி, இப்போது அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் ஐ.டி. கம்பெனி காக்னிசன்ட், 2016 செப்டம்பர் 30 அன்று 8-கே தாக்கல் செய்தது. இந்தியாவில் கட்டடங்கள் தொடர்பாகக் கொடுத்த சில தொகைகள் முறையற்றவையா என்று உள்விசாரணை நடப்பதாக அதில் இருந்தது. கம்பெனியின் பிரெசிடென்ட் விலகியதும் அன்றைக்கே வந்தது. பங்கு விலை அன்று பலமாகச் சரிந்தது. 2019 பிப்ரவரியில், குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் எஸ்.இ.சி.யுடன் 2.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளின் 10-கே, 10-க்யூ எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, இந்த விசாரணையைப் பற்றிய பத்தி ஒவ்வொரு முறையும் எப்படி மாறுகிறது என்று மகள் ஒரு அட்டவணை போடட்டும். எந்தச் சொல் புதிதாக நுழைந்தது, எந்த வாக்கியம் காணாமல் போனது, தொகை எப்போது முதன்முதலாக வந்தது. கல்லூரி ப்ராஜெக்டுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வழக்கமாகத் தரும் ‘நுகர்வோர் திருப்தி’ கேள்வித்தாள் ப்ராஜெக்டுகளை இன்டர்வியூ எடுப்பவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தியக் கம்பெனிகளில் செய்யக்கூடாதா என்றால் செய்யலாம். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களில் அறிவிப்புகளும் ஆண்டறிக்கைகளும் கிடைக்கின்றன. புதிதாகப் பங்கு வெளியிடுபவர்களின் வரைவு ஆவணம் செபி தளத்தில் இருக்கும். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் (எம்.சி.ஏ.) தளத்தில் ஆவணங்களைக் கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கம்பெனி கம்பெனியாக பி.டி.எஃப். இறக்கித்தான் உள்ளே தேட வேண்டியிருக்கும். அதனால் பழகுவதற்கு எட்கர், அப்புறம் அதே கண்ணோடு இங்கே வரட்டும்.

இனி நீங்கள் கடிதத்தில் கேட்காத விஷயம். சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலைகள் பெரும்பாலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக நடப்பவை. முதல் ஒன்றிரண்டு வருஷம் அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்து எக்செல்லில் போடுவதும், போட்டது சரியா என்று பார்ப்பதும்தான் வேலையாக இருக்கும். ‘அனலிஸ்ட்’ என்ற பட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமெரிக்க காலாண்டு முடிவுகள் வரும் ஜனவரி கடைசி, ஏப்ரல் கடைசி, ஜூலை கடைசி, அக்டோபர் கடைசி என்று ஆண்டுக்கு நான்கு சீசன். அந்த வாரங்களில் ராத்திரி ஷிஃப்ட் இருக்கலாம். வீட்டுக்கு வர கம்பெனி கேப் உண்டா என்பதை ஆஃபர் லெட்டர் வந்ததும் கேட்டுவிடுங்கள்; தயங்க ஒன்றும் இல்லை.

ஏ.ஐ. வந்துவிட்டதே, வேலை இருக்குமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நூறு பக்கத்தைச் சுருக்கித் தருவது மட்டுமே ஒருவரின் திறமை என்றால் சிரமம்தான். சுருக்கம் சொல்வது மூலத்தில் இருக்கிறதா, எந்த அறிக்கை, எந்தத் தேதி, எந்தப் பகுதி என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அதனால் மகள் எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் படிவத்தின் பெயர், தாக்கல் தேதி, பகுதி எண் மூன்றையும் குறிக்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

சி.ஏ. பற்றி: அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கதவையும் மூடிவிடாதீர்கள். 9ஏ பகுதியும் அடிக்குறிப்புகளும் பிடித்துப்போன பிள்ளைகளுக்கு சில சமயம் ஆடிட்டிங் மேலேயே ஆசை வந்துவிடும். டிகிரி முடித்த பிறகும் சி.ஏ.வில் சேர வழி இருக்கிறது.

அவரிடம் இப்போதைக்கு இதை மட்டும் சொல்லுங்கள்: ஒரு கம்பெனி, ஒரு கேள்வி, ஐந்து வருஷ அறிக்கை, மூன்று பக்கக் குறிப்பு. பரீட்சை நெருங்குவதால் ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறிப்பு தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன். கோர்ஸ்காரர்கள் ‘இந்த வாரத்தோடு சலுகை முடிகிறது’ என்று போன் செய்வார்கள். அடுத்த மாதமும் அதே சலுகையோடு கூப்பிடுவார்கள்.