நாக்கப் பாத்து எச்ஐவி கண்டுபிடிக்க முடியாது தம்பி

கேள்வி: எனக்கு 27 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. வேலை விஷயமா வெளியூர் போனப்ப ஒரு பொண்ணோட உறவு வச்சிக்கிட்டேன், காண்டம் போடல. அவ அந்த மாதிரி பொண்ணான்னு கூட எனக்குத் தெரியாது. 12ஆவது நாள் லேப்ல ரேபிட் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். 30ஆவது நாள் 4த் ஜெனரேஷன் எலிசா எடுத்தேன், அதுவும் நெகட்டிவ். ஆனா நம்ப முடியல. மூணாவது வாரம் காய்ச்சல், தொண்டை வலி வந்துச்சு. நாக்கு வெள்ளையா இருக்கு, கழுத்துல நெறி கட்டிருக்கு, 4 கிலோ இளைச்சிட்டேன். ராத்திரி மூணு மணி வரைக்கும் போன்ல இதையே தேடிட்டு இருக்கேன். அக்கா கொழந்தையத் தூக்கவே பயமா இருக்கு. வீட்ல பொண்ணு பாக்குறாங்க. இன்னிக்கு 38ஆவது நாள். பிசிஆர் எடுக்கட்டுமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தம்பி, முதல்ல அக்கா கொழந்தையத் தூக்குங்க. முத்தம் குடுங்க, ஒரே தட்டுல ஊட்டி விடுங்க. எச்சில், வேர்வை, இருமல், கொசு, ஒரே பாத்ரூம் இது எதுலயும் எச்ஐவி பரவாது, உங்களுக்கு இருந்தாலும் பரவாது, இல்லன்னாலும் பரவாது. அந்தக் கொழந்தை கிட்ட வர்றப்ப நீங்க ஒதுங்கிப் போறத நெனச்சாதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

இப்ப உங்க காய்ச்சலுக்கு வருவோம். எச்ஐவி தொத்தின சிலருக்கு ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்குள்ள காய்ச்சல், தொண்டை வலி, தோல்ல தடிப்பு, நெறி கட்டுறது எல்லாம் வரும்ங்கறது உண்மைதான், நீங்க படிச்சது தப்பு இல்ல. ஆனா சாதாரண வைரல் ஃபீவருக்கும் இதே லிஸ்ட்தான், சிலருக்கு எச்ஐவி தொத்தியும் ஒரு தும்மல் கூட வராது. அதனாலதான் அறிகுறிய வச்சு எந்த டாக்டரும் இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க, இல்லன்னும் சொல்ல மாட்டாங்க. அது மட்டும் இல்ல, நீங்க கவனிக்காத ஒண்ணு உங்க லெட்டர்லயே இருக்கு. காய்ச்சல் வந்தது மூணாவது வாரம், எலிசா எடுத்தது 30ஆவது நாள். அந்தக் காய்ச்சல் எச்ஐவியால வந்திருந்தா அப்ப ரத்தத்துல வைரஸ் ஏராளமா இருந்திருக்கும், 4த் ஜெனரேஷன் டெஸ்ட் உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருள மட்டும் பாக்கறது இல்ல, பி24ன்னு வைரஸோட புரதத்தையும் சேத்துப் பாக்குது, அதனால ஒரு வாரம் கழிச்சு எடுத்த அந்த டெஸ்ட்ல அது மாட்டாம போயிருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. எந்தக் காய்ச்சலப் பாத்து நீங்க பயப்படுறீங்களோ அதே காய்ச்சல்தான் அந்த நெகட்டிவ நம்பச் சொல்லுது.

12ஆவது நாள் எடுத்த டெஸ்ட்ட மறந்துடுங்க, அது ரொம்ப சீக்கிரம், அதுல எதுவும் தெரியாது. கைல நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பண்ற 4த் ஜெனரேஷன் டெஸ்ட்டுக்கு 45 நாள்ங்கறதுதான் கணக்கு. இந்த இதழ் உங்க கைக்கு வர்றப்ப அது தாண்டிருக்கும், இன்னொரு தடவ எடுங்க, நெகட்டிவ்னா அதோட முடிஞ்சது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல ரேபிட் டெஸ்ட் எடுத்தா கடைசி ரிசல்ட்டுக்கு 3 மாசம் சொல்லுவாங்க, அதுவும் சரிதான், டெஸ்ட் வகை வேற. பிசிஆர்ங்கறது வைரஸோட மரபணுவ நேராத் தேடுற டெஸ்ட், அது வேண்டாம், காசும் அதிகம், 45ஆவது நாள் எலிசா சொல்லாத எதையும் அது உங்களுக்குப் புதுசா சொல்லப் போறதில்ல.

உங்கள மாதிரி எழுதுறவங்க நெறைய பேர் லேப் லேபா மாத்தி எடுத்துட்டே இருக்காங்க, ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ரெண்டு நாள் நிம்மதி, மூணாவது நாள் ரிப்போர்ட் மாறிப் போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். தயவு செஞ்சு அதுக்குள்ள போகாதீங்க. கழுத்த ஒரு நாளைக்கு எத்தன தடவ தொட்டுப் பாக்குறீங்க? தாடைக்குக் கீழ கட்டை விரலால அமுக்கி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உருட்டி, கண்ணாடி முன்னாடி தலையச் சாச்சு... யார் கழுத்த அப்படி அமுக்கினாலும் ஏதாவது ஒரு உருண்டை கைக்குத் தட்டுப்படும், அமுக்க அமுக்க வலிக்கவும் செய்யும், வலிச்சா வீங்கிருச்சுன்னு நெனப்பீங்க. நாக்கு வெள்ளையாகுறதுக்கு தண்ணி சரியா குடிக்காததே போதும். எச்ஐவில வாய்ப்புண் மாதிரி வெள்ளை படியறது பொதுவா பல வருஷம் வைத்தியம் பாக்காம எதிர்ப்பு சக்தி கொறைஞ்சப்புறம்தான், ஒரு மாசத்துல இல்ல. மூணு மணிக்குப் படுத்து சாப்பாட்டத் தள்ளி வச்சா 4 கிலோ கொறையாம என்ன பண்ணும்?

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், "அந்த மாதிரி பொண்ணான்னு தெரியாது"ன்னு எழுதிருக்கீங்க. எந்த மாதிரி தம்பி? வைரஸ் ஆளப் பாத்து வர்றது இல்ல, காண்டம் போடாம விட்டதுல ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு, அந்தப் பொண்ணுக்கும் உங்களப் பத்தி எதுவும் தெரியாது. அவளுக்கே எச்ஐவி இருந்து மருந்து எடுக்காம இருந்தாக்கூட, ஒரு தடவ உறவுல ஆம்பளைக்குத் தொத்துற வாய்ப்பு சராசரியா 10,000த்துல 4ன்னு கணக்குப் பண்ணிருக்காங்க, பொம்பளைக்கு அதுல ரெண்டு மடங்கு. கம்மிதான், ஆனா அந்த நாலுல யாரு இருப்பாங்கன்னு தெரியாதுங்கறதுனாலதான் காண்டம்.

நம்பிக்கை மையத்துக்குப் போக வெக்கமா இருந்தா வேற ஊர்ல போங்க, கோயம்புத்தூர்ல, ஈரோட்ல, எங்க வேணா. டெஸ்ட் இலவசம். கவுன்சிலர் தனி ரூம்ல உக்கார வச்சுப் பேசுவாங்க, உங்க சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பாங்க. உங்க ரிசல்ட்ட வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017ல சட்டமே போட்டிருக்காங்க. ஒரு காலத்துல "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா"ன்னு ஊரெல்லாம் விளம்பரம் வச்சாங்க, நல்ல எண்ணத்துல வச்சதுதான், ஆனா அது கிண்டல் வார்த்தையாப் போயி டெஸ்ட்டுன்னு வாயத் தொறக்கவே ஆளுங்க கூச்சப்படுற மாதிரி ஆயிடுச்சு. டெஸ்ட் எடுக்கறேன்னு சொல்லாம ரத்த தானம் குடுத்து அது மூலமாத் தெரிஞ்சிக்கலாம்னு மட்டும் தயவு செஞ்சு யோசிக்காதீங்க, ஆரம்ப நாள்ல அங்க பண்ற டெஸ்ட்லயும் தப்பிச்சுப் போக வாய்ப்பு இருக்கு, அது யாரோ ஒரு நோயாளி உடம்புல ஏறும்.

ஒருவேளை பாசிட்டிவ்னு வந்தா? வராதுன்னுதான் நெனைக்கறேன், ஆனா அந்தக் கேள்விதான உங்களத் தூங்க விடல, அதனால சொல்றேன். 1986ல நம்ம நாட்டுல முதல்முதலா சென்னைல எச்ஐவி இருக்குன்னு கண்டுபிடிச்சப்ப கையில மருந்து இல்ல. இன்னிக்கு தினம் மாத்திரை, எச்ஐவிக்கு மருந்து குடுக்கற அரசு ஏஆர்டி மையத்துல இலவசம், விடாம சாப்பிட்டு வைரஸ் அளவு டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறைஞ்சு அப்படியே இருந்தா உறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. கல்யாணம், கொழந்தை எல்லாம் உண்டு.

இதப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு, இந்த மாதிரி நடந்து 72 மணி நேரம் ஆகலன்னா உடனே ஏஆர்டி மையம் இருக்கற பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, பெப்னு தடுப்பு மருந்து இருக்கு, 28 நாள் சாப்பிடணும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறீங்களோ அவ்வளவு நல்லது. தம்பிக்கு அந்த நேரம் தாண்டிருச்சு.

45 நாள் டெஸ்ட் எடுக்குறப்ப சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய்க்கும், மஞ்சக்காமாலை பின்னு சொல்ற ஹெபடைட்டிஸ் பிக்கும் சேத்துக் குடுங்க, எச்ஐவி பயத்துல இத எல்லாரும் விட்டுடறாங்க, இது ரெண்டும் எச்ஐவிய விட சுலபமா ஒட்டிக்கும். இந்த ரெண்டுக்கும் மட்டும் 3 மாசத்துல இன்னொரு தடவ பாத்துடுங்க. மஞ்சக்காமாலை பி தடுப்பூசி போடலன்னா இப்பவே போட்டுக்கலாம். ரிசல்ட் எல்லாம் வர்ற வரைக்கும் காண்டம் இல்லாம யார் கூடவும் வேண்டாம். அம்மாகிட்ட பொண்ணு பாக்குறத ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போடச் சொல்ல ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொன்னாப் போதும். நெகட்டிவ் வந்த பிறகும் கை தானா கழுத்துக்குப் போச்சுன்னா மறுபடி ரத்தம் குடுக்காதீங்க, மனநல டாக்டர ஒரு தடவ பாருங்க, பதட்டத்துக்கு நல்ல வைத்தியம் இருக்கு. இன்னிக்கு ராத்திரி தேடணும்னு தோணுச்சுன்னா போன்ல 1097 அடிங்க, அது எச்ஐவி உதவி எண், டோல் ஃப்ரீ, தமிழ்ல பேசுவாங்க, உங்க பேர சொல்ல வேண்டியதில்ல.