ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் மட்டும் ஏன்?

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள்தான், இது சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் 60 பேருக்குள் இருந்தால் சட்டப்படி சரிதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலைகளைத்தான் எண்ணுகிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3. ஆனால் 6 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவராவது இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எழுத்துக்கூட்டப் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த உறுதி இல்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஈராசிரியர் பள்ளியில் ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'அ' எழுதக் கையைப் பிடித்துவிட வேண்டும். அதே அறையில் மூன்றாம் வகுப்பு கழித்தல் கணக்கோடு காத்திருக்கும். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகம் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

இதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. மூன்று ஆசிரியர் உள்ள பள்ளியிலும் எண்ணிக்கை 60க்குள் வந்துவிட்டால், பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும்போது, ஒருவர் போகும் நிலை வருகிறது. வேனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

தொடக்கப் பள்ளிக்கும் வகுப்புக் கணக்கில் பணியிடம் தர வேண்டும். உடனே முடியாதென்றால், முதலில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்காவது தனி ஆசிரியர் வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடுங்கள்.