வாசகர் கேள்வி – பதில்: பிரெஞ்சு வகுப்பில் திரைப்படம்

கேள்வி: எம்.ஏ. பிரெஞ்சு இறுதியாண்டு படிக்கிறேன். ஆப்பிரிக்க பிரெஞ்சுப் படங்களில் ஆய்வு செய்து, கல்லூரியில் பணியாற்ற விருப்பம். டால்ஃப் (உயர்நிலைப் பிரெஞ்சு மொழித்தேர்வு) எழுதினால் போதுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: போதாதும்மா. டால்ஃப் மொழித்திறனுக்குத்தான் சான்று. உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 விழுக்காடும், பிரெஞ்சில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வில் பொதுத்திறனுக்கான முதல் தாள் 50 கேள்வி, பாடத்துக்கான இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். இலக்கியத்தையே படித்துக்கொண்டு முதல் தாளைக் கைவிடாதீர்கள். இரண்டு தாள்களின் மதிப்பெண்ணும் சேர்ந்தே கணக்கு.

ஆய்வு சினிமாவில் இருந்தாலும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கிடைப்பது பெரும்பாலும் பகுதி 1 வகுப்புதான். தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்து, எழுத்திலிருந்து தொடங்கும் பிள்ளைகள். அந்த வகுப்பை விருப்பத்தோடு நடத்த முடியுமா என்று இப்போதே யோசியுங்கள்.

கேள்வி: படம் போட்டால் மாணவர்கள் ஆங்கில சப்டைட்டிலை மட்டுமே படிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– பிரெஞ்சு ஆசிரியர், கோவை

பதில்: ஆங்கில சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை காது வேலை செய்யாது. முழுப்படமும் வேண்டாம், 3 நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் ஒலியில்லாமல் காட்டி, யார், எங்கே, என்ன நடக்கிறது என்று பிரெஞ்சில் சொல்ல வையுங்கள். அடுத்து ஒலியோடு, காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகுதான் பிரெஞ்சு சப்டைட்டில். கடைசியாக, வசனத்தில் எட்டுப் பத்துச் சொற்களை விட்டு அச்சிட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.

பாடநூலில் ‘ழ ந ஸே பா’ (எனக்குத் தெரியாது) என்று படித்தவருக்குத் திரையில் ‘ஷே பா’ என்றுதான் கேட்கும். தெரிந்த வாக்கியமே பிடிபடாமல் போவது இதனால்தான். இந்த விழுங்கலைத் தனியே சொல்லிக்கொடுங்கள்.

படத்தேர்விலும் கவனம் வேண்டும். செனகலின் செம்பேன் எடுத்த ‘மாந்தாபி’ (1968) பெரும்பாலும் அந்நாட்டு மொழியான வொலோஃபில் இருக்கிறது. காதுப் பயிற்சிக்கு உதவாது. அவரது ‘லா ந்வார் த’ (1966) ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதிகம் பேசாத பணிப்பெண்ணின் மனக்குரல் பிரெஞ்சில் வருகிறது. அந்தக் குரலைக் கொடுத்தவர் வேறொரு நடிகை. அந்தப் பணிப்பெண்ணின் மனம் ஏன் பிரெஞ்சில் பேசுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பி1 எனும் இடைநிலை வகுப்பில் ஒரு மணி நேரமும் பேச்சு ஓடும்.

கேள்வி: வகுப்பில் திரையிட அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கல்விப் பணியின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்த்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளியாரை அழைத்து விழாவாக நடத்தினால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.