டீச்சரிடம் கேளுங்கள்: இரண்டு இன்ச் பைப் எத்தனை மில்லி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைப் பற்றியவை. நம் மாவட்டத்தில் வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் கிடையாது. வளைகுடாவுக்குப் பைப்பிங் வேலைக்குப் போன ஆள் இல்லாத தெருவும் அபூர்வம். தக்கலையில் கேட் (CAD, கம்ப்யூட்டரில் படம் வரைதல்) வகுப்பு எடுக்கும் எனக்கு இதைவிடப் பிடித்த பாடம் வேறு இல்லை. அதனால் இந்த இதழ் முழுக்க பைப்தான். மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

டீச்சர், மாடிப்படிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி வேலை எடுத்திருக்கிறேன். 2 இன்ச் பைப்புக்கு அட்டவணையில் 60.3 மி.மீ. என்று இருந்தது. அப்படியே வரைந்து, தாங்கிகளையும் அந்த அளவுக்கே லேசர் கட்டிங் கொடுத்துவிட்டேன். கடையிலிருந்து வந்த 2 இன்ச் குழாய் 50.8 மி.மீ. தான் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– பட்டறை உரிமையாளர், குளச்சல்

ஏமாற்றவில்லை. நீங்கள் பார்த்தது பைப் அட்டவணை. அவர் கொடுத்தது டியூப்.

டியூப்பில் கதை நேரானது. 2 இன்ச் என்றால் வெளிவிட்டம் 2 இன்ச், அதாவது 50.8 மி.மீ. கூடவே கனத்தைச் சொல்ல வேண்டும்: 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2. பைப்பில் அப்படி இல்லை. 2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் எப்போதும் 60.3. ஷெட்யூல், அதாவது சுவர்க் கனத்தைக் குறிக்கும் எண், மாறினால் கனம் உள்பக்கம்தான் மாறும். ஷெட்யூல் 40-இல் கனம் 3.91, உள்விட்டம் 52.5. ஷெட்யூல் 80-இல் கனம் 5.54, உள்விட்டம் 49.2. இரண்டிலுமே சரியாக 2 இன்ச் எங்கும் கிடையாது. அந்தக் காலத்தில் பைப்பை உள்துவாரத்தை வைத்துச் சொன்னார்கள். பிறகு நல்ல இரும்பு வந்து சுவர் மெலிந்தபோது, பழைய மரையும் ஃபிட்டிங்கும் பொருந்த வேண்டுமே என்று வெளிவிட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 12 இன்ச் வரை இதே நிலைதான். 14 இன்ச்சிலிருந்து பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகிவிடும்: 355.6 மி.மீ.

நம் ஊர் கடைகளில் கிடைக்கும் ஜி.ஐ. பைப் பெரும்பாலும் ஐ.எஸ். 1239 தரத்தில் வருவது. அதில் ஷெட்யூல் கிடையாது. லைட், மீடியம், ஹெவி என்று மூன்று வகை. மஞ்சள் பட்டை லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. 50 மி.மீ. பைப்பில் கனம் முறையே 2.9, 3.6, 4.5. பி.வி.சி.யில் கணக்கு மறுபடி மாறும். நாம் 4 இன்ச் என்று கேட்டு வாங்குவது 110 மி.மீ. வெளிவிட்டக் குழாய். இரும்பில் 4 இன்ச் என்றால் 114.3.

ஆகவே எந்த வேலையானாலும் பொருளை முதலில் கையில் வாங்குங்கள், அளந்துவிட்டு வரையுங்கள். வெர்னியர் பக்கத்தில் இல்லையென்றால் டேப்பைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, வருவதை 3.1416-ஆல் வகுத்தால் போதும். 189.4 வந்தால் 60.3, 159.6 வந்தால் 50.8. அப்புறம் வெளிவிட்டத்தையும் கனத்தையும் மாடலில் பாராமீட்டராக (பெயர் வைத்து மாற்றக்கூடிய எண்ணாக) வையுங்கள். தாங்கியின் வளைவு அந்த எண்ணோடு கட்டுண்டு இருந்தால், ஓர் எண்ணை மாற்றியதும் எல்லாத் தாங்கியும் தானே மாறிவிடும்.

வெட்டிய தாங்கிகளுக்காக 60.3 பைப் வாங்கலாமா என்றால், எஸ்.எஸ்.ஸில் ஷெட்யூல் 10 கிடைக்கும், கனம் 2.77. ஆனால் எடை மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும், விலையும் கூடவே ஏறும். படியேறும் வயதானவர்களின் கைக்கும் 60 மி.மீ. பெரிது. தாங்கியை மறுபடி வெட்டுவதே நல்லது. இன்னொன்று: வீடு கடலோரம் என்றால் 304 ரக எஸ்.எஸ். வேண்டாம், 316 ரகம் கேளுங்கள். உப்புக்காற்றில் 304-இல் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். 316-இல் உள்ள மாலிப்டினம் அதைப் பெரிதும் தடுக்கும்.

மேடம், ஃப்ரீகேட் என்ற கேட் மென்பொருளில் பைப் வரையப் பழகுகிறேன். நேராக இருந்தால் வருகிறது. வளைவு வைத்தால் சில நேரம் எர்ரர், சில நேரம் பைப் நசுங்கினாற்போல் வருகிறது. என்ன தப்பு?
– டிப்ளமோ மாணவர், மார்த்தாண்டம்

தம்பி, நீ எந்த மென்பொருளில் வரைந்தாலும் பைப்புக்கு வேண்டியவை இரண்டுதான்: அது போகும் பாதை, அதன் குறுக்குவெட்டு. பாதை என்பது பைப்பின் நடுக்கோடு. குறுக்குவெட்டை அந்தக் கோட்டின் வழியே இழுத்துக்கொண்டு போனால் பைப். ஃப்ரீகேடின் பார்ட் டிசைனில் அதன் பெயர் அடிட்டிவ் பைப். பார்ட் பகுதியிலும் சாலிட்வொர்க்ஸிலும் ஆட்டோகேடிலும் ஸ்வீப். ஃப்யூஷனில் பைப் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதில் வட்டம்கூட வரைய வேண்டாம், விட்டமும் கனமும் கொடுத்தால் போதும்.

எர்ரருக்கு முதல் காரணம் வளைவின் ஆரம். 60.3 பைப்பை 25 மி.மீ. ஆரத்தில் திருப்பச் சொல்லிப் பார். பைப்பின் பாதியே 30.15 இருக்கிறது. வளைவின் உள்பக்கச் சுவர் மையத்தைத் தாண்டி மறுபக்கம் போய்த் தன்மேலேயே ஏறிவிடும். அப்படி ஒரு திடப்பொருள் உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் மென்பொருள் மறுக்கிறது. நடுக்கோட்டு ஆரம் வெளிவிட்டத்தில் பாதியைவிடக் கண்டிப்பாகக் கூடுதலாக இருக்க வேண்டும். அது குறைந்தபட்சம், நீ வரைய வேண்டியது கடையில் கிடைக்கும் எல்போவின் (பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டின்) ஆரம். லாங் ரேடியஸ் எல்போ என்றால் பெயரளவைப் போல ஒன்றரை மடங்கு: 2 இன்ச்சுக்கு 76, 4 இன்ச்சுக்கு 152. ஷார்ட் ரேடியஸ் என்றால் ஒரு மடங்கு.

இரண்டாவது, வட்டத்தைப் பாதையின் தொடக்கப் புள்ளியில், பாதைக்குச் செங்குத்தான தளத்தில் வரைந்தாயா என்று பார். சாய்ந்த தளத்தில் வரைந்த வட்டம்தான் நசுங்கித் தெரியும். பாதைக் கோடுகளின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்பதையும் பெரிதாக்கிப் பார். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று போதும் காரியத்தைக் கெடுக்க. சுழல் படிக்கட்டின் கைப்பிடிபோல ஹீலிக்ஸ் பாதை என்றால் ஓரியண்டேஷன் மோடை ஃபிரெனே என்று மாற்று.

கிளை வைத்த பைப் வரையும்போது ஒன்றை மறக்காதே. ஒவ்வொரு பைப்பையும் துளையோடு வரைந்து பிறகு ஒட்டாதே. அப்படிச் செய்தால் கிளையின் சுவர் தாய்ப் பைப்பின் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் போகும் வழியை அடைக்கும். எல்லாவற்றையும் முதலில் கெட்டிக் கம்பியாக வரைந்து ஒன்றாக்கு. பிறகு உள்விட்டத்தை எல்லாக் கிளையிலும் வெட்டி எடு. வரைபடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும்போது உள்ளே சுத்தமாக இருக்கும். என் வகுப்பில் பிள்ளைகளிடம் முதலில் கேட்பதே அந்த அறுத்த படத்தைத்தான்.

டீச்சர், துபாய் கம்பெனி ஒன்றில் பைப்பிங் டிராஃப்ட்ஸ்மேன் இன்டர்வியூ இருக்கிறது. கட் லெங்த் (வெட்ட வேண்டிய பைப்பின் நீளம்) கணக்கு கட்டாயம் கேட்பார்களாம். சுருக்கமாகச் சொல்லித் தாருங்கள்.
– வாசகர், கருங்கல்

பெரிய பிளாண்ட் மென்பொருள்களில் நீங்கள் பைப்பை வரையவே மாட்டீர்கள். லைன் எங்கே போக வேண்டும் என்று காட்டினால், ஸ்பெக்கை, அதாவது அந்த லைனுக்கான பொருள் விவரப் பட்டியலைப் பார்த்து எல்போ, டீ, ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் அதுவே கேட்டலாக்கிலிருந்து எடுத்துப் போட்டு, ஐசோமெட்ரிக் படமும் தந்துவிடும். ஆனாலும் கணக்கைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தப்பான அளவு திரையில் வந்தால் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தானே.

4 இன்ச் லைன், இரண்டு 90 டிகிரி லாங் ரேடியஸ் எல்போவுக்கு இடையே மையத்துக்கு மையம் 1000 மி.மீ. என்று வையுங்கள். ஒவ்வொரு எல்போவும் 152 எடுத்துக்கொள்ளும். 1000-இல் 304 போக 696. இரண்டு வெல்டுக்கும் 3 மி.மீ. வீதம் இடைவெளி விட்டால் வெட்ட வேண்டியது 690.

அடுத்து ரோலிங் ஆஃப்செட் கேட்பார்கள். லைன் 300 மேலே ஏறி, அதே நேரம் 400 பக்கவாட்டில் நகர்கிறது. 300-க்கும் 400-க்கும் கர்ணம் 500. அதுதான் உண்மையான விலகல். 45 டிகிரி எல்போ போட்டால் அதை 1.414-ஆல் பெருக்க 707. ஒரு 4 இன்ச் 45 டிகிரி எல்போ 64 எடுக்கும். இரண்டுக்கும் 128, இடைவெளி 6 போக, பைப் 573. இதைப் பேப்பரில் போட்டுவிட்டு, முப்பரிமாணக் கோடாக வரைந்து அளந்தும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போவதைக் கண்ணால் பார்த்தால் இன்டர்வியூ மேசையில் கை நடுங்காது.

மொட்டை மாடிக்கு டிரஸ் ஷெட் போடுகிறோம். 4 இன்ச் பைப்மேல் 2 இன்ச் பைப் உட்காரும் இடத்தில், வாய் வெட்டுவதற்குள் கிரைண்டரும் ஆளும் தேய்ந்துவிடுகிறோம். கம்ப்யூட்டரில் வரைந்து பேப்பரில் எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வெல்டர், குலசேகரம்

உண்மைதான், அருமையான வழி. இரண்டு பருவமழையும் கொட்டும் நம் ஊரில் ஷெட் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு தடவை கற்றுக்கொண்டால் வருஷம் முழுக்க உதவும்.

இரண்டு பைப்பையும் அதனதன் இடத்தில் வரைந்து, தாய்ப் பைப்பின் உருவத்தால் கிளையை வெட்டினால் மீன்வாய் (தாய்ப் பைப்பின்மேல் உட்காரும் வளைந்த வாய்) திரையில் வந்துவிடும். கிளையில் நீளவாக்கில் மயிரிழை அளவு ஒரு பிளவு வைத்து, ஷீட் மெட்டல் பகுதியில் விரித்தால் அலைபோன்ற கோடுள்ள தட்டையான படம் கிடைக்கும். அதை ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து, பைப்பில் சுற்றி, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவதுதான் வேலை. பலர் இதுவரை சரியாகச் செய்துவிட்டு, பேப்பர் பொருந்தவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். காரணம், ஷீட் மெட்டல் விரிப்பு சுவரின் நடுப்பகுதியை வைத்து நீளத்தைக் கணக்கிடும். 3.91 கனமுள்ள 2 இன்ச் பைப்பை அப்படி விரித்தால் அகலம் சுமார் 177 மி.மீ. தான் வரும். பேப்பர் சுற்றுவதோ வெளியே. அங்கே வேண்டியது 189.4.

சரி, வெளிப்பரப்பை மட்டும் விரித்தால் போதுமா? பேப்பர் பொருந்தும், பைப் பொருந்தாது. வெட்டு பைப்பின் மையத்தை நோக்கி நேராகப் போவதால், தாய்ப் பைப்பில் முதலில் முட்டுவது கிளையின் உள்விளிம்பு. வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் மீன்வாயின் ஆழம் 8.6 மி.மீ., உள்விட்டத்தை வைத்தால் 6.4. இந்த 2.2 மி.மீ. வித்தியாசம்தான் உங்கள் கிரைண்டரைத் தேய்த்தது. ஆகவே வளைவை உள்விட்டத்தில் எடுங்கள், சுற்றளவை வெளிவிட்டத்தில் எடுங்கள். எளிதாகச் செய்ய, உள்விட்ட அளவில் மிக மெல்லிய ஒரு குழாயை வரைந்து, தாய்ப் பைப்பால் வெட்டி விரியுங்கள். வரும் படத்தை அகலவாக்கில் மட்டும் 189.4-க்கு இழுத்துவிடுங்கள், உயரத்தைத் தொடாதீர்கள். வெளியே மிஞ்சும் சந்து வெல்டு இறங்க இடம் கொடுக்கும். ஒன்றரை மில்லி கைப்பிடி டியூப்புக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம்.

அச்செடுக்கும்போது படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். பேப்பர் வந்ததும் ஸ்கேலால் அந்தக் கோட்டை அளங்கள். 97 இருந்தால் பிரிண்டர் பக்கத்துக்குப் பொருத்துவதற்காகச் சுருக்கியிருக்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். 189.4 அகலம் ஏ4 தாளுக்குள் அடங்கும். நாலு கால்பாகக் கோடுகளையும் படத்தில் குறித்துவையுங்கள். பைப்பின் மறுமுனையிலும் வாய் வெட்ட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க அவைதான் துணை.

பைப் முனையில் மரையை அப்படியே வரைய வேண்டுமா?
– மாணவி, நாகர்கோவில்

வேண்டாம் பிள்ளை. ஃபைல் கனத்துவிடும், கம்ப்யூட்டர் திணறும், ஒரு பயனும் இல்லை. மரை எது, எவ்வளவு நீளம் என்று குறிப்பு எழுதினால் போதும். முப்பரிமாணப் பிரிண்டரில் அடிக்கப்போகிறாய் என்றால் மட்டும் வரை.

படகுக்கு நிழற்கூரை சட்டம் செய்ய 1 இன்ச் எஸ்.எஸ். டியூப்பை வளைக்கிறோம். மூலைக்கு இரண்டு பக்கமும் 500 வரவேண்டும் என்று 1000 மி.மீ. வெட்டினால் ஒவ்வொரு தடவையும் மிஞ்சுகிறது. ஏன்?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

டியூப் மூலைவரை போய்த் திரும்புவதில்லை, குறுக்கே வளைந்து போகிறது. உங்கள் டையின் (டியூப்பை வளைக்கும் அச்சின்) நடுக்கோட்டு ஆரம் 75 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் நேராக இருப்பது 425 மட்டும். வளைவின் நீளம் 75 பெருக்கல் 1.5708, அதாவது 117.8. மொத்தம் 967.8. மிச்சம் 32 மி.மீ.தான் உங்களுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. மாடலில் நடுக்கோட்டை வரைந்து அதன் நீளத்தைக் கேட்டால் மென்பொருளே இந்த எண்ணைச் சொல்லிவிடும்.

ஆரத்தைப் பட்டறையில் இருக்கும் டையைப் பார்த்து எடுங்கள். திரையில் 60 போட்டுவிட்டு 75 டையில் வளைத்தால் எந்தக் கணக்கும் உதவாது. எஸ்.எஸ். வளைத்ததும் சற்றே திரும்ப விரியும். அதற்காக மாடலில் கோணத்தைக் கூட்டாதீர்கள். முடிந்த சட்டம் 90 என்றால் படத்திலும் 90தான். எத்தனை டிகிரி கூடுதலாக வளைக்க வேண்டும் என்பதை அதே டியூப்பின் துண்டு ஒன்றை வளைத்துப் பார்த்து மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வளைவு அடுத்தடுத்து வந்தால் நடுவே கிளாம்ப் பிடிக்க நேர்த்துண்டு வேண்டும். உங்கள் கிளாம்பின் நீளத்தை அளந்து, அதைவிடக் குறையாமல் அந்த இடத்தை வரையுங்கள்.