லாம்ப்-2 கோளாறுக்கு விரதம் மருந்தாகுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. இதயத் தசை தடித்திருக்கிறது. லாம்ப்-2 மரபணுவில் கோளாறு, டேனன் நோய் என்று அறிக்கை வந்திருக்கிறது. செல்களில் ஆட்டோஃபேஜி சரியாக நடக்கவில்லையாம். விரதம் இருந்தால் அது கூடும் என்கிறார் ஒரு நலவாழ்வு ஆலோசகர். மாத்திரையும் தருகிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இரண்டுமே வேண்டாம்.

ஆட்டோஃபேஜி என்றால் செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்வது. முதலில் அவற்றை ஒரு சவ்வுப் பையில் கட்டி வைக்கும். அந்தப் பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமுடன் இணைந்தால்தான் உள்ளே இருப்பது செரிக்கும். லைசோசோமின் சவ்வில் இருக்கிற புரதம்தான் லாம்ப்-2. அதில் மூன்று வகை உண்டு, அந்த விவரம் உங்களுக்குத் தேவையில்லை. இதயத் தசையில் இந்த இணைப்பு நடக்க அது வேண்டும் என்பது போதும். உங்கள் மகனுக்குப் பை கட்டும் வேலை நடக்கிறது, கடைசிக் கட்டம்தான் சிக்குகிறது. பசி எதை முடுக்கும்? பை கட்டுவதைத்தான். கிடங்கின் கதவு திறக்காதபோது குப்பை வண்டிகளை மட்டும் கூட்டி அனுப்புவது போன்றது இது. ஏற்கெனவே தேங்கியிருக்கும் தசையில் இன்னும் தேங்கத்தான் வழி. போதாததற்கு, நீண்ட பட்டினியில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இவனுக்கு அந்த ஆபத்து முன்பே இருக்கிறது.

ஆட்டோஃபேஜி ஆய்வுக்காக 2016இல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அடிப்படை ஆய்வு ஈஸ்ட் செல்களில் நடந்தது. அந்தப் பரிசைக் காட்டி மாத்திரை விற்பவர்களிடம், "லாம்ப்-2 இல்லாத செல்லில் இது என்ன செய்யும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராது. இன்னொரு கூட்டமும் உங்களைத் தேடி வரும்: மரபணு சிகிச்சைச் சோதனையில் இடம் பிடித்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று. அப்படிப்பட்ட சோதனைகள் நடப்பது உண்மை. ஆனால் முறையான சோதனையில் இடம்பிடிக்கத் தரகர் கிடையாது. உங்கள் இதய மருத்துவரே நேரடியாக எழுதிக் கேட்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது, இதயத் துடிப்புக் கோளாறு நிபுணரைத் தள்ளிப்போடாமல் பார்ப்பது. துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்க உடலுக்குள் பொருத்தும் ஐசிடி கருவி தேவையா, இதய மாற்றுச் சிகிச்சைக்கு எப்போது தயாராவது என்று இப்போதே பேசுங்கள். ஆண்பிள்ளைகளில் இந்த நோய் வேகமாக நகரும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் என்று சொல்லப்படும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூடியிருந்தால் கல்லீரல் மருந்து வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது தசையிலிருந்து வருவது. இது தெரியாமல் கல்லீரலுக்கே வைத்தியம் பார்த்துக் காலத்தைக் கடத்துகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் இதயத்தை யாராவது பார்த்தார்களா? இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் "அம்மா வெறும் கடத்திதான், அவருக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடுகிறார்கள். டேனன் நோயில் அது தவறு. பெண்களுக்கும் இதயத் தசை நோய் வரும். பெரும்பாலும் தாமதமாக வரும், தசை பலவீனமோ கற்றல் சிரமமோ வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு இதய மாற்றுவரை போயிருக்கிறது. ஆகவே உங்களுக்கு மரபணுப் பரிசோதனை, இசிஜி, எக்கோ மூன்றும் வேண்டும். உங்களிடம் கோளாறு இருந்தால், மகள் இருக்கும் பட்சத்தில் அவளுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கத்தையாக ஒரு அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, மரபணு ஆலோசகரிடம் ஒரு வார்த்தை பேச ஏற்பாடு செய்யாத வழக்கம் எப்போது ஒழியுமோ. நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

மாத்திரை ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். துடிப்பைக் குழப்பும் பொருள் ஏதாவது அதில் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும்.